மேல் கேக் கீழ் கேக்கின் மேல் உட்காரக் கூடாது

கேள்வி: வணக்கம் மேடம். வீட்டிலேயே கேக் செய்து தெரிந்தவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். சென்ற மாதம் முதல்தடவையாக இரண்டு அடுக்கு கேக் செய்தேன். கீழே 8 இன்ச் வெனிலா ஸ்பாஞ்ச், மேலே 6 இன்ச் சாக்லேட் கேக், வெளியே பட்டர்கிரீம். கீழ் அடுக்கில் ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ரா எட்டு செருகியிருந்தேன். வைத்தபோது நேராகத்தான் நின்றது. இரண்டு மணி நேரத்தில் மேல் கேக் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, கீழ் கேக்கின் இடுப்பில் பட்டர்கிரீம் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. அடுத்த மாதம் தங்கையின் திருமண வரவேற்புக்கு 10, 8, 6 இன்ச் என்று மூன்று அடுக்கு கேக் செய்யப் போகிறேன். காரில் முக்கால் மணி நேரம் எடுத்துப் போக வேண்டும். இந்த முறை எத்தனை ஸ்ட்ரா வைக்கட்டும்? ஸ்பாஞ்சை விட்டுவிட்டு கெட்டியான கேக்குக்கு மாறட்டுமா? வீட்டிலேயே அடுக்கி எடுத்துப் போகலாமா?

பதில்:

எட்டு ஸ்ட்ரா வைத்ததை எழுதியிருக்கிறீர்கள், மேல் கேக்குக்கு அடியில் என்ன வைத்தீர்கள் என்று எழுதவில்லை. ஒன்றுமே வைக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். சாய்வும் இடுப்புப் பிதுங்கலும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் அட்டை வைக்காத கேக்காகத்தான் இருக்கும். அட்டை இல்லாவிட்டால் எட்டு என்ன, இருபது ஸ்ட்ரா வைத்தாலும் பயனில்லை. மேல் கேக் தன் பாரத்தாலேயே மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும், ஸ்ட்ராக்கள் அதன் வயிற்றுக்குள் ஏறிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. எந்தப் பக்கம் கொஞ்சம் மிருதுவாக இருக்கிறதோ அந்தப் பக்கம் முதலில் இறங்கும், கேக் சாயும். இறங்கிய பாரம் கீழ் கேக்கை அழுத்த, நடுவில் இருக்கும் பட்டர்கிரீம் வேறு வழியில்லாமல் பக்கவாட்டில் வெளியே வரும்.

அதனால் ஸ்ட்ரா கணக்குக்குப் போவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடுக்கு கேக்கில் மேல் கேக் கீழ் கேக்கின் மேல் உட்காரவே கூடாது. உட்கார்ந்திருக்கிற மாதிரி தெரிய வேண்டும், அவ்வளவுதான். மாடி வீட்டில் மேல்தளத்தின் பாரம் கீழே இருக்கும் கட்டில், பீரோ மேலா இறங்குகிறது? தளத்திலிருந்து தூணுக்கும் தூணிலிருந்து அஸ்திவாரத்துக்கும் போகிறது. இங்கே அட்டைதான் தளம், குச்சிகள்தான் தூண், அடித்தட்டுதான் அஸ்திவாரம். கீழ் கேக் அந்த அறையில் கிடக்கும் சாமான்.

பாரம் எவ்வளவு என்றும் பாருங்கள். 4 இன்ச் உயரமுள்ள 6 இன்ச் கேக், உள்ளே வைத்த கிரீம், வெளிப்பூச்சு எல்லாம் சேர்ந்து சுமார் ஒன்றரை கிலோ இருக்கும். 8 இன்ச் கேக் இரண்டரையிலிருந்து மூன்று கிலோ வரை போகும். ஆக உங்கள் 10 இன்ச் கேக்கின் தலையில் நாலு கிலோவுக்குக் குறையாமல் நிற்கப் போகிறது. எவ்வளவு கெட்டியான கேக்கும் இதைத் தனியாகத் தாங்காது.

இப்போது அட்டை. ஒவ்வொரு அடுக்கும் தனக்கென்று ஒரு வட்ட அட்டையின் மேல்தான் பிறக்க வேண்டும். செய்து முடித்த கேக்கை அப்புறம் அட்டைக்கு மாற்றுவதெல்லாம் தேவையில்லாத வேலை. 6 இன்ச் கேக்குக்கு 6 இன்ச் அட்டை போதும், வெளிப்பூச்சு அதன் விளிம்பை மூடிவிடும். தடிமன் 3 மில்லிமீட்டராவது இருக்கட்டும். மெல்லிய அட்டைதான் கிடைக்கிறது என்றால் இரண்டை ஒன்றாக ஒட்டிக்கொள்ளுங்கள். மெல்லிய அட்டை குச்சிகளுக்கு நடுவில் தொய்யும், தொய்கிற இடத்தில் மேல் கேக்கின் பூச்சு விரிசல் விடும். அட்டையின் மேல் ஒரு ஸ்பூன் உருக்கிய சாக்லேட்டைத் தடவி அதன் மேல் முதல் கேக் துண்டை வைத்தால் நகராது. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் தட்டு மட்டும் வேறு ஜாதி. 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள கேக் டிரம், 10 இன்ச் கேக்குக்கு 13 அல்லது 14 இன்ச் அளவில். கேக்கைத் தூக்கும்போது அடித்தட்டு வளைந்தால் மற்றது எதுவும் சரியாக இருந்து பயனில்லை.

சரி, குச்சிக்கு வருவோம். ஜூஸ் ஸ்ட்ரா வேண்டாம். மெல்லிய சுவர் உள்ள குழாய், கொஞ்சம் கோணலாக நின்றாலே பாரம் தாங்காமல் மடங்கிவிடும். காகித ஸ்ட்ரா இன்னும் மோசம், கேக்கின் ஈரத்தை இழுத்து ஊறிப்போகும். பபிள் டீ குடிக்கும் தடித்த பிளாஸ்டிக் ஸ்ட்ரா சிறிய இரண்டடுக்கு கேக்குக்குப் போதும், நானும் அதற்கு அதைத்தான் எடுப்பேன். மூன்றடுக்கு என்றால் கேக் சாமான் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் டவெல் குழாய், இல்லாவிட்டால் உணவுக்கு ஏற்ற 6 மில்லிமீட்டர் மரக்குச்சி. பாலிஷோ பெயின்ட்டோ அடித்த மரக்குச்சியை எடுக்காதீர்கள். பல்குத்தும் குச்சிகளைக் கேக்குக்குள் எங்கேயும் வைக்காதீர்கள். சின்னது, கண்ணுக்குத் தெரியாது, யார் வாய்க்குப் போகிறது என்று நமக்குத் தெரியாமலே போய்விடும்.

எண்ணிக்கைக்கு ஒரு எளிய கணக்கு வைத்துக்கொள்ளலாம். மேலே வரும் கேக்கின் விட்டத்தில் ஒன்றரை முதல் இரண்டு இன்ச்சுக்கு ஒரு குச்சி. 6 இன்ச் கேக்கைத் தாங்க 4, 8 இன்ச் கேக்கைத் தாங்க 6. எதற்கும் இருக்கட்டும் என்று பத்துப் பன்னிரண்டு செருகினால் கீழ் கேக் சல்லடையாகிவிடும், குச்சிகளை இறுக்கிப் பிடிக்க கேக் மிஞ்சாது. இந்தக் கணக்கு எப்போதும் மேலே வரும் கேக்கின் அளவை வைத்துத்தான். கீழ் கேக் எவ்வளவு பெரியது என்பது இதில் சேராது.

மேல் கேக்கின் அளவுள்ள ஒரு காலி அட்டையைக் கீழ் கேக்கின் நடுவில் மெதுவாக வைத்துச் சுற்றி ஊசியால் லேசாகக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து ஒரு இன்ச் உள்ளே தள்ளிக் குச்சிகள் வட்டமாக நிற்க வேண்டும். 8 இன்ச்சுக்கான ஆறில் ஐந்தை வட்டத்திலும் ஒன்றை மையத்தை ஒட்டியும் வையுங்கள். மையப் புள்ளி மட்டும் காலியாக இருக்கட்டும், அதற்கு வேறு வேலை இருக்கிறது.

வெட்டும் இடத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு குச்சியையும் செருகி, அது நிற்கும் இடத்தின் உயரத்துக்கு அடையாளம் போட்டு, அந்த அளவுக்கு வெட்டுவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேக் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தத் தாழ்வைக் குச்சிகளும் அப்படியே நகல் எடுத்துவிடும், மேல் அடுக்கு அந்தப் பக்கம் சாய்ந்தே நிற்கும். கீழ் அடுக்கில் 3 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால்கூட, அதன் மேல் இரண்டு அடுக்கு ஏறிய பிறகு உச்சியில் கண்ணுக்கே தெரியும். கேக்கின் மிக உயரமான இடத்தில் ஒரே ஒரு குச்சியைச் செருகுங்கள். அடியில் அட்டையைத் தொட்டு நிற்பது கைக்குத் தெரியும். பூச்சு முடியும் இடத்தில் நகத்தால் ஒரு கோடு. வெளியே எடுத்து அந்த ஒன்றை வெட்டி, மற்ற எல்லாவற்றையும் அதன் பக்கத்தில் வைத்து அதே நீளத்துக்கு வெட்டிவிடுங்கள். மேசை மேல் நிறுத்திப் பார்த்தால் எல்லாத் தலையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ரசமட்டம் கையில் இருந்தால் கேக்கை வைத்திருக்கும் மேசையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மேசையே சாய்ந்திருக்க, கேக்கைத் திட்டியவர்கள் உண்டு.

வெட்டிய குச்சி பூச்சின் மட்டத்திலோ அதைவிட ஒரு மில்லிமீட்டர் மேலேயோ நிற்கலாம். குட்டையாகிவிட்டால் பாரம் கேக்குக்குப் போகிறது, பழைய கதைதான். நெட்டையாகிவிட்டால் மேல் அடுக்கு காலில் நின்றுகொண்டு எந்தப் பக்கமும் ஆடும், நடுவில் இடைவெளியும் தெரியும். சின்ன இடைவெளி தெரிந்தால் அதற்காகக் குச்சியைக் குறைக்க வேண்டாம். சுற்றிலும் முத்து முத்தாகப் பட்டர்கிரீம் பிழிந்தால் மறைந்துவிடும், அந்த அலங்காரமே அதற்காக வந்ததுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. செருகும்போது நேர் செங்குத்தாக இறக்குங்கள். சாய்வாக நிற்கும் குச்சி, பாரம் ஏறியதும் கேக்கைக் கிழித்துக்கொண்டு மேலும் சாயும்.

ஒரு அடுக்கே 5 இன்ச்சுக்கு மேல் உயரமாக வேண்டும் என்று யாராவது கேட்டால், அதை இரண்டு கேக்காகவே நினைத்துக்கொள்ளுங்கள். 4 இன்ச்சில் ஒரு அட்டை, அதற்குக் கீழே குச்சிகள், அதன் மேல் மீதிக் கேக், வெளியே ஒரே பூச்சு.

ஸ்பாஞ்சை விட வேண்டுமா என்று கேட்டீர்கள். முழுக்க விட வேண்டியதில்லை. அட்டையும் குச்சியும் சரியாக இருந்தால் பாரம் ஸ்பாஞ்சுக்கு வரவே வராது. ஆனால் குச்சி ஆடாமல் நிற்க, சுற்றியிருக்கும் கேக் அதை இறுக்கிப் பிடிக்க வேண்டும். மிருதுவான ஸ்பாஞ்சிலும் ஷிஃபானிலும் அந்தப் பிடி குறைவு. அதனால் 10 இன்ச்சை மட்டும் பட்டர் கேக்காகவோ சாக்லேட் மட் கேக்காகவோ செய்யுங்கள், 8 இன்ச்சையும் அப்படியே செய்தால் நல்லது. உச்சியில் இருக்கும் 6 இன்ச் யாரையும் தாங்கப் போவதில்லை, அதில் உங்கள் ஸ்பாஞ்ச் தாராளமாக இருக்கட்டும். மாவின் அளவு போடும்போது ஒன்று: ஒரே உயரத்துக்கு, 6 இன்ச்சுக்கு ஆகும் மாவைப்போல 8 இன்ச்சுக்கு ஏறக்குறைய 1.8 மடங்கு, 10 இன்ச்சுக்கு 2.8 மடங்கு வேண்டும். விட்டத்தை மட்டும் பார்த்துக் கொஞ்சம் கூட்டினால் போதும் என்று நினைத்தால் கீழ் அடுக்கு குள்ளமாகிவிடும்.

உள்ளே வைக்கும் கிரீமில் கை நீளக் கூடாது. ஒவ்வொரு அடுக்கிலும் 5, 6 மில்லிமீட்டர் தடிமன் போதும். ஜாம், எலுமிச்சைக் கர்ட் மாதிரி வழுக்கும் சமாசாரங்களை வைத்தால், விளிம்பைச் சுற்றிக் கெட்டியான பட்டர்கிரீமால் ஒரு கரை கட்டி அதற்குள் வையுங்கள். கீழ் இரண்டு அடுக்கிலும் அதையும் தவிர்த்துவிட்டால் இன்னும் நிம்மதி. அடித்த ஃபிரஷ் கிரீமை இந்த மாதிரி கேக்கில் வைக்கவே வேண்டாம். பிடிமானமும் கிடையாது, ஃபிரிட்ஜுக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

அப்புறம், இடுப்புப் பிதுங்கலுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அட்டை வைத்தவர்களுக்கும் அது வரும். கேக் துண்டுகளையும் கிரீமையும் புதிதாக அடுக்கும்போது நடுவில் காற்று சிக்கியிருக்கும், கேக்கும் இன்னும் அமுங்கியிருக்காது. உடனே பூசி முடித்துவிட்டால், அது பூச்சுக்குள் மெல்ல அமுங்கிக் கிரீமை வெளியே தள்ளும். குச்சி செருகிய பிறகு அமுங்கினால் இன்னும் வம்பு, கேக் கீழே போகும், குச்சித் தலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால் கிரீம் வைத்து அடுக்கியதும் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றி, மேலே ஒரு அட்டையும் அதன் மேல் அரைக் கிலோ அளவுக்கு ஏதாவது ஒரு பாரமும் வைத்துச் சில மணி நேரம் விடுங்கள். பிதுங்க வேண்டியது அப்போதே பிதுங்கட்டும், வழித்துவிட்டு முதல் பூச்சைப் போடலாம். அதன் பிறகு இரவு முழுவதும் ஃபிரிட்ஜில். குச்சி செருகுவது, அடுக்குவது எல்லாம் நன்றாகக் குளிர்ந்து இறுகிய கேக்கில்தான்.

பட்டர்கிரீம் வெயிலுக்கு ஆகாது என்பது உங்களுக்கே தெரியும். அறையின் சூடு 30 டிகிரியை நெருங்கினாலே வெண்ணெய் குழையும், உருகி ஓடுவதற்கு இன்னும் இரண்டு மூன்று டிகிரி ஏறினால் போதும். வரவேற்பு நடக்கும் இடம் குளிரூட்டப்பட்டதா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் வெளிப்பூச்சைக் கனாஷுக்கு, அதாவது சாக்லேட்டும் கிரீமும் கலந்த பூச்சுக்கு, மாற்றிவிடுங்கள். டார்க் சாக்லேட் என்றால் எடையில் 2 பங்கு சாக்லேட்டுக்கு 1 பங்கு கிரீம், வெள்ளைச் சாக்லேட் என்றால் 3 பங்குக்கு 1. இறுகிய பிறகு அது கேக்கைச் சுற்றி ஓடு மாதிரி நிற்கும். இந்த முடிவை முன்கூட்டியே எடுங்கள், கடைசி நாளில் மாற்ற முடியாது.

பயணத்துக்கு என் பதில் சுருக்கம்: மூன்றையும் அடுக்கி எடுத்துப் போகாதீர்கள். அடுக்கியே கொண்டுபோகிற தொழில்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அதற்கென்று வண்டியும் பெட்டியும் கைப்பழக்கமும் இருக்கின்றன. உங்களுக்கு இது முதல் மூன்றடுக்கு, அதுவும் தங்கை திருமணம். மூன்று அடுக்கையும் தனித்தனிப் பெட்டியில் கொண்டுபோய் அங்கே அடுக்குங்கள். 10 இன்ச்சுக்கும் 8 இன்ச்சுக்கும் உரிய குச்சிகளை வீட்டிலேயே செருகிவிடலாம், கத்தரி, ரம்பம் எல்லாம் வீட்டோடு முடிந்துவிடும். பெட்டிகளைக் கார் சீட்டில் வைக்காதீர்கள், சீட் பின்பக்கமாகச் சரிந்திருக்கும். மடியில் வேண்டவே வேண்டாம். டிக்கியின் சமதளத்திலோ முன்சீட்டுக்குக் கீழே கால் வைக்கும் இடத்திலோ, வழுக்காத ரப்பர் விரிப்பின் மேல் வையுங்கள். டிக்கிக்குள் ஏ.சி. காற்று வராத கார் என்றால் கால் வைக்கும் இடம்தான் சரி. கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஏ.சி.யைப் போட்டுவிடுங்கள். ஓட்டுகிறவரிடம் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்லிவையுங்கள், திடீர் பிரேக்கும் வேகத்தடையும்தான் எதிரி.

அங்கே போனதும் முதலில் மேசை. அது ஆடுகிறதா, கேக் வைத்த பிறகு யாராவது நகர்த்தப் போகிறார்களா என்று கேட்டுவிட்டு அடுக்கத் தொடங்குங்கள். 10 இன்ச்சை அதன் கடைசி இடத்திலேயே வையுங்கள். குச்சித் தலைகளுக்கு நடுவே கொஞ்சம் ராயல் ஐசிங்கோ (முட்டை வெள்ளைக்கருவும் ஐசிங் சர்க்கரையும் அடித்த, காய்ந்தால் இறுகும் கலவை) உருக்கிய சாக்லேட்டோ தடவி, 8 இன்ச்சை அகலமான பேலட் கத்தியாலும் (கூர் இல்லாத தட்டைக் கத்தி) ஒரு கையாலும் தாங்கி இறக்குங்கள். ஒரு விளிம்பை முதலில் இறக்கி, மற்றதைக் கத்தியால் மெல்ல விட்டால் விரல் தடம் விழாது. கேக் ஃபிரிட்ஜ் குளிர்ச்சியோடு இருந்தால் இடம் சரிசெய்யக் கொஞ்சம் நகர்த்தவும் முடியும். முக்கால் மணி நேரமாவது கையில் வைத்துக்கொண்டு போங்கள். பிழிவதற்கு ஒரு பை பட்டர்கிரீம், பேலட் கத்தி, ஈரத்துணி, உபரியாக இரண்டு குச்சி கூடவே வரட்டும்.

மையப் புள்ளியைக் காலியாக விடச் சொன்னேன் அல்லவா, அது நடுக்குச்சிக்காக. மூன்று அடுக்குக்கும் உச்சியிலிருந்து அடித்தட்டு வரை இறங்கும் ஒரே நீளமான மரக்குச்சி அது. பாரம் தாங்குவது அதன் வேலை இல்லை, அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்காமல் பார்த்துக்கொள்வதுதான். மேசையில் யாராவது இடித்தால் அப்போது அதன் அருமை தெரியும். மூன்று அட்டைகளின் மையத்திலும் கேக் வைப்பதற்கு முன்பே குச்சி நுழையும் அளவுக்குத் துளை போட்டுவிடுங்கள், அங்கே போய்ச் சுத்தியலால் அட்டையைக் குத்த வேண்டியிருக்காது. குச்சியின் ஒரு முனையைப் புதிய பென்சில் ஷார்ப்னரால் சீவிக்கொள்ளுங்கள், அப்போதுதான் அடித்தட்டில் கொஞ்சம் ஊன்றும். கேக்கின் மொத்த உயரத்தைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவாக வெட்டி இறக்கி, மேலே இருக்கும் துளையைப் பட்டர்கிரீமால் அடைத்து ஒரு பூவை வைத்துவிடலாம். நிஜப் பூ என்றால் அரளி மாதிரி நச்சுப் பூவாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காம்பைக் கேக்குக்குள் நேராகச் செருகாதீர்கள்.

அடுக்கி முடித்த பிறகு லேசாகச் சாய்வது போலத் தெரிந்தால் கையால் தள்ளி நிமிர்த்த வேண்டாம். குச்சி நின்ற இடம் ஏற்கெனவே அகன்றிருக்கும், தள்ளினால் இன்னும் அகலும். மேல் அடுக்கை இறக்கிவிட்டு, பழைய துளைக்கு இரண்டு விரல் தள்ளிப் புதிய இடத்தில் குச்சியை நேராகச் செருகி மறுபடி ஏற்றுங்கள்.

விருந்தினர் எண்ணிக்கையை நீங்கள் எழுதவில்லை. ஆட்கள் கூடுதல் என்பதற்காக நான்காவது அடுக்கு என்று யாராவது ஆசை காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதே கேக்கைச் சாதாரணச் சதுரத் தட்டில் செய்து சமையலறையில் வைத்து வெட்டிக் கொடுத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. படத்துக்கு உயரம் வேண்டும் என்றால் தெர்மகோலில் ஒரு போலி அடுக்கு செய்து மேலே பூசிவிடலாம்.

வெட்டும்போது மேலிருந்து தொடங்க வேண்டும். நடுக்குச்சியை முதலில் இடுக்கியால் மேலே இழுத்து எடுத்துவிட்டு, 6 இன்ச்சை அட்டையோடு இறக்கி வெட்டி, அப்புறம் 8, கடைசியில் 10. ஒவ்வொரு அடுக்கையும் வெட்டும் முன் அதிலிருக்கும் குச்சிகளை உருவி ஒரு தட்டில் போடச் சொல்லுங்கள். நீங்கள் மேடையில் தங்கையோடு நிற்பீர்கள், கத்தி வேறு யார் கையிலோ இருக்கும். அதனால் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியோடு கொடுத்துவிடுங்கள்: 10 இன்ச்சில் 6, 8 இன்ச்சில் 4, நடுவில் 1, மொத்தம் 11 குச்சி, அட்டை 3.